பால் தம்ளரும் பாம்படமும்

கொண்ட கணவனே கொலையாளியோ என்று மனைவி ஐயுறும் நாவல்கள் புத்தகக் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. இரவெல்லாம் விழித்துப் படித்துவிட்டு, விடிந்ததும் மறந்துவிடத்தக்கவை அவற்றில் பல. ஆனால் இவ்வகைக்கு வழிகாட்டிய ஆங்கில நாவல் ஒன்று அவ்வளவு எளிதில் மறக்கத்தக்கதன்று. அந்தோணி பெர்க்லி காக்ஸ் என்பவர் பிரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் 1932-இல் வெளியிட்ட 'பிஃபோர் தி ஃபாக்ட்' என்பதே அது.

செல்வக் குடும்பத்துப் பெண்ணான லீனா, ஜானி என்னும் அழகனை மணக்கிறாள். அவன் பொய்யன் என்று முதலில் அறிகிறாள். பிறகு திருடன் என்றும், கடைசியில் கொலையாளி என்றும் தெளிகிறாள். ஆயினும் அவனைப் பிரிய மனம் வரவில்லை. முடிவில் விஷமென்று அறிந்தே அவன் தந்ததை வாங்கி அருந்துகிறாள்.

1941-இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் இக்கதையை 'சஸ்பிஷன்' என்ற படமாக்கினார். கணவன் மாடிப்படியேறிக் கொண்டுவரும் பால் தம்ளர் இருட்டில் பளிச்சென்று தெரியவேண்டி, அதனுள் சிறு விளக்கொன்றை ஒளித்துவைத்தார். ஆனால் படத்தில் கணவன் கொலையாளியல்லன். எல்லாம் மனைவியின் மனப்பிராந்தி என்று கதை முடிகிறது. இதனால் கதையின் உயிரே போயிற்றென்பது நமது அபிப்பிராயம். அஞ்சி நடுங்கும் பெண்ணிடம் உலகம் வழக்கமாகச் சொல்வதையே படமும் சொல்லிவிட்டது.

இது மேனாட்டுச் சரக்கு என்று நேயர்கள் எண்ணவேண்டாம். நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியில் சில செய்யுட்களே எஞ்சின. கதையை நீலகேசி உரை காத்துத் தந்தது. கொலைக்களத்துக்குச் சென்றுகொண்டிருந்த காளன் என்னும் கள்வனைக் காதலித்து மணந்தாள் பத்திரை. ஊடலில் அவனைக் கள்வனென்று ஒரு சொல் சொல்லிவிட்டாள். அவன் அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். இறக்குமுன் அவனை மும்முறை வலம்வர வேண்டுமென்று கேட்ட பத்திரை, பின்புறம் வந்ததும் அவனையே கீழே தள்ளினாள். லீனா பருகினாள், பத்திரை தள்ளினாள். இருவருக்கும் பொதுவானது ஒன்றே: வாய்விட்டுச் சொல்ல அருகில் ஒருவருமில்லை.

இனிக் கரிசல் சீமைக்கு வருவோம். கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள இடைசெவல், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்ற இரு பெரும் எழுத்தாளரை ஈன்ற சிற்றூர். கி.ரா. 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' நாவலில் ஒரு கொலை நிகழ்கிறது. தனியே வந்து நீரருந்த இறங்கிய சூலி ஒருத்தியை, காதுப் பாம்படத்துக்காகக் கள்வன் கொல்கிறான். அவளோ அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்வியபடியே உயிர் விடுகிறாள், கள்வன் அகப்படுகிறான்.

அந்தப் பற்பிடி இல்லாதிருந்தால் ஐயம் யார்மீது பாய்ந்திருக்கும்? கணவன்மீதுதான் என்று சொல்லத் துப்பறிவோர் வேண்டியதில்லை. ஆனால் அக்கிராமத்தில் ஐயம் நான்கு சுவருக்குள் அடைந்து கிடந்து நஞ்சாவதில்லை. கோட்டையார் வீட்டார் முன்னிலையில் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. அந்நாளைய கழுவேற்றத்தை நாம் போற்றவில்லை. ஊரார் காதுகொடுத்துக் கேட்டார்களே, அதையே போற்றுகிறோம்.

எனினும் ஒன்றை மறைத்தல் கூடாது. பாம்படம் பறிபோனால் கூடும் ஊர், 'என் புருஷனைக் கண்டால் பயமாயிருக்கிறது' என்று ஒருத்தி சொன்னால் கூடுமா? 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று பழமொழி சொல்லித் திருப்பியனுப்பிவிடும். பாதுகாப்பாணை கேட்கப் பிணம் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிரட்டலுக்கே மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாமென்று 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ஆனால் கோர்ட்டு வாசலுக்கு முன்பே பிறந்தகத்து வாசல் இருக்கிறது.

இத்தகைய நாவலில் கதாநாயகியின் அச்சத்தை முழுவதும் கேட்பவர் வாசகர் ஒருவரே. முந்நூறு பக்கம் பொறுமையாகக் கேட்கிறோம். நம் வீட்டு மகள் திடுமென்று வந்து நின்றால், அதில் கால் பங்கு பொறுமையாவது காட்டுவோமாக.