லீசிங் கணக்கில் தெரிவதும் தெரியாததும்

2020 இல் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதை அடுத்து லீசிங் வியாபாரம் சூடுபிடித்துள்ளது. உரும்பிராய் போன்ற தோட்டக் கிராமங்களில் உழவு இயந்திரமும் முச்சக்கரவண்டியும் லீசிங்கில் வாங்கப்படுவது புதிதல்ல. எனவே, வங்கிகள் இக்கொடுக்கல் வாங்கலைத் தமது நிதி அறிக்கைகளில் எவ்வாறு காட்டுகின்றன என்பது கணக்காளருக்கு மட்டும் உரிய விவகாரமல்ல என்றே நாம் கருதுகின்றோம்.

2019 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16, வங்கி குத்தகைக்கு எடுக்கும் கிளைக் கட்டடங்களின் கணக்கை மாற்றியது. அதுவரை செலவாக மட்டும் பதியப்பட்ட வாடகை, இப்போது ஐந்தொகையில் பயன்பாட்டு உரிமைச் சொத்தாகவும் குத்தகைப் பொறுப்பாகவும் ஏறுகின்றது. வங்கி குத்தகைக்குக் கொடுக்கும் பக்கத்திலோ பெரும்பாலும் பழைய முறையே நீடிக்கின்றது. வரவேண்டிய மொத்தத் தவணைகளிலிருந்து 'உழைக்கப்படாத வருமான'மும் பெறுமான இழப்புக்கான ஏற்பாடும் கழிக்கப்பட்டு, மீதி குறிப்புகளில் தரப்படும். அந்த உழைக்கப்படாத வருமானம் வேறொன்றுமல்ல. எமது விவசாயி இனிக் கட்டவிருக்கும் வட்டியே.

தவணை தவறியதால் எந்த மாவட்டத்தில் எத்தனை வாகனங்கள் மீளப் பறிக்கப்பட்டன, அவை என்ன விலைக்குப் போயின என்பதை இந்நியமம் கேட்கவில்லை. வட்டியைத் தவிர்த்து இஜாரா முறையை நாடும் முஸ்லிம் வாடிக்கையாளருக்கும் இக்கேள்வி பொருந்தும். தமிழ் நாளிதழ்களில் வெளியாகும் காலாண்டுக் கணக்குகளில் வருடாந்த அறிக்கையின் விரிவும் இருப்பதில்லை. மத்திய வங்கி இவ்விபரங்களை மாவட்டவாரியாகக் கோரி, மூன்று மொழிகளிலும் வெளியிடச் செய்ய வேண்டும்.