எண்ணூரின் கணக்கில் மனித உடம்பு எங்கே?

எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகு இல்லை, வலையும் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அது தோலில் ஊறும், வாய்க்குள்ளும் போகும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, அந்தத் தண்ணீரில் கலந்தது மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் (சிபிசிஎல்) சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய். பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து கொசஸ்தலை ஆற்றையும் கடலையும் மூடியது. குழாயில் கசிவே இல்லை என்று சாதித்தது ஆலை. வளாகத்து மழைநீர் வடிகால் ஏற்பாடு சரியில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பிறகு சொல்ல வேண்டியதாயிற்று. எண்ணெயை அள்ளியது யார்? மீனவர்கள். வாளியும் குவளையும் கொண்டு, பலர் கையுறைகூட இல்லாமல் அள்ளினார்கள். பென்சீன் போன்ற நச்சுகளைக் கொண்ட ஒரு பொருளை வெறுங்கையால் அள்ளவிட்ட நிர்வாகத்தை என்னவென்று சொல்வது? இது மெத்தனம் அல்ல, குற்றம்.

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, 26ஆம் தேதி நள்ளிரவில், கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 49 மில்லிகிராம் அமோனியா இருந்ததாக வாரியமே அளந்து சொன்னது. சாம்பல் கதையோ அதற்கும் பழையது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகி ஆற்றுப்படுகையை மேடாக்கிவிட்டன. மீனவர்கள் கத்தாத கத்தல் இல்லை.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு தந்த நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். படகைப் பழுதுபார்க்கத் தனித் தொகை. படகே இல்லாதவர் எந்தப் பட்டியலில் வருவார்? இரத்தத்திலும் நுரையீரலிலும் சேர்ந்ததை எந்தத் தொகை ஈடுசெய்யும்? மருத்துவ முகாம் போட்டோம் என்று அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டாம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பும் முகாம், பத்தாண்டு கழித்துத் தலைகாட்டும் நோயைக் கண்டுபிடிக்காது.

இத்தனைக்குப் பிறகும் அதே கரையில் அனல் மின் நிலைய விரிவாக்கம் வேண்டும் என்கிறது அரசு. இருப்பதையே ஒழுங்காக நடத்தத் தெரியாதவர்கள் புதிதாக ஒன்றைக் கேட்க உரிமை அற்றவர்கள்.

அரசு உடனே செய்ய வேண்டியவை வெளிப்படையானவை. எண்ணூர், மணலி, காட்டுக்குப்பம் மக்களுக்கு, முதலில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைத்தடவல் மீன்பிடிப்போருக்கும், ஆண்டுக்கணக்கில் தொடரும் உடல்நலக் கண்காணிப்பு வேண்டும். அதன் செலவை ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு அந்தந்தக் குப்பத்திலேயே ஒட்ட வேண்டும். படகில்லாத இருளர் குடும்பங்களை நிவாரணப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இவை நடக்கும்வரை எண்ணூரில் ஒரு புதிய புகைபோக்கிக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது.