மூன்று நாள் விடுமுறையும் இருக்கன்குடியும்

2025ஆம் ஆண்டு சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை, மறுநாள் கிருஷ்ண ஜயந்தி, அடுத்தது ஞாயிறு. அந்த வெள்ளியே ஆடிக் கடைசி வெள்ளியாகவும் அமைந்தது. சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மனுக்கு அதுவே பெருந்திருவிழா நாள்.

நண்பர்கள் கூடி வேன் பிடித்து வந்து, ஆற்றுமணலில் அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டு, சாத்தூர்க் காராச்சேவைப் பகிர்ந்துண்டு, நிழலில் கதை பேசிக் களைப்பாறுவது இத்தலத்திற்குப் புதிதன்று. ஆண்டு முழுதும் பட்டாசு ஆலையில் குனிந்து உழைப்போர் மணலில் கால் நீட்டிப் படுப்பதை அம்மன் குறையாகக் கொள்ளப் போவதில்லை.

ஆயினும் அதே கோயிலில் வயனம் காப்போரும் உளர். கண்ணொளி மங்கியோரும் அம்மை கண்டோரும் பிணி தீரும்வரை அங்கேயே தங்கி, அம்மனின் தீர்த்தத்தை நம்பிக் காத்திருப்பர். அவர்களுக்கு விடுமுறை என்று ஒன்றில்லை. மூன்று நாளும் ஒலிக்கும் திரைப்பாட்டும் சீட்டாட்டக் கூச்சலும் அவர்கள் செவியில் எவ்வாறு விழும்? பாட்டைச் சற்றே தணித்து, நண்பர்களில் இருவரேனும் அவர்கள் அருகமர்ந்து ஊர் விசாரித்து வரலாம். மாவிளக்கிலும் ஒரு பங்கு கொண்டு செல்லலாம். வயனத்தில் உணவுக் கட்டுப்பாடு உண்டாதலால், கேட்டுவிட்டுக் கொடுப்பது நன்று.