சோற்றை விட்டால் சுகம் வருமா?

"நான் இப்போது சோறே சாப்பிடுவதில்லை!"

முன்பெல்லாம் யாராவது இப்படிச் சொன்னால், "ஐயோ பாவம்! காய்ச்சலா? வீட்டில் கஷ்டமா?" என்று கேட்போம். இப்போது இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்பவர்களும், "அப்படியா! எத்தனை கிலோ குறைந்தது?" என்று ஆவலோடு விசாரிக்கிறார்கள்.

அரிசி கூடாது. கோதுமை கூடாது. இட்லி, தோசை, சப்பாத்தி, பரோட்டா எதுவும் கூடாது. கம்பும் கேழ்வரகும்கூட ஆகாது. முட்டை, மீன், இறைச்சி, வெண்ணெய், பாதாம் பருப்பு, காய்கறி இவையே போதும். உடல் இளைக்கும். சர்க்கரை இறங்கும். ரத்தக் கொதிப்பு தணியும். இதுதான் தானியத்தை விட்டவர்களின் கட்சி.

இதில் உண்மை எவ்வளவு? ஆபத்து எவ்வளவு? சற்று நிதானமாகப் பார்ப்போம்.

லண்டன் பருமனார்

இந்தப் பத்தியம் இன்று நேற்று வந்ததல்ல. 160 ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் மாநகரில் இது பெரிய பரபரப்பை உண்டாக்கியது.

அங்கே வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். பெரிய இடத்து ஈமச்சடங்குகளுக்கு ஏற்பாடு செய்வது அவருடைய தொழில். உயரம் 5 அடி 5 அங்குலம். 1862-ஆம் ஆண்டில் அவருடைய எடை 202 ராத்தல். அதாவது சுமார் 92 கிலோ! குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். இல்லாவிட்டால் முழங்கால் தாங்காது.

காது மந்தமாக இருக்கிறதென்று ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். "உமக்குக் கோளாறு காதில் இல்லை, கொழுப்பில்" என்று டாக்டர் கண்டுபிடித்தார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி சாப்பிடச் சொன்னார். சுமார் ஓராண்டில் பான்டிங் 46 ராத்தல் இளைத்தார். காதும் முன்னைவிட நன்றாகக் கேட்டது!

மகிழ்ச்சி தாங்கவில்லை. 1863-இல் தம் அனுபவத்தைச் சிறு புத்தகமாக வெளியிட்டார். அது பரபரப்பாக விற்றது. சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் உடல் இளைக்கப் பத்தியம் இருப்பதை "பான்டா" என்றே சொல்கிறார்கள். மனிதர் 81 வயது வரை வாழ்ந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பான்டிங் ரொட்டியை அடியோடு விட்டுவிடவில்லை. காலையில் ஒரு சிறு துண்டு வாட்டிய ரொட்டி சாப்பிட அவருக்கு அனுமதி இருந்தது. அவர் செய்தது குறைத்தது, துறந்தது அல்ல.

அவருக்குப் பிறகு பலர் வந்தார்கள். அமெரிக்காவில் டாக்டர் அட்கின்ஸ் 1972-இல் ஒரு புத்தகம் எழுதினார். 2011-இல் டாக்டர் வில்லியம் டேவிஸ் என்பவர், "இன்றைய கோதுமையே தொந்திக்குக் காரணம்" என்று ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு முறையும் உலகம், புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டது.

நானும் விட்டேன்

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

மேஜை முன் உட்கார்ந்து எழுதுவது என் தொழில். எடை 86 கிலோவைத் தொட்டது. ஒரு நல்ல நாளில் தானியத்தை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தது! நான் துள்ளிக் குதித்தேன். காண்போரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் வாரத்தில் கரைந்ததில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர்!

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஏறக்குறைய அரைக் கிலோவை, ஈரலும் தசைகளும் சேமித்து வைக்கின்றன. அந்தச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு நின்றதும் உடல் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. மறுபடி சோறு சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

ஆறு வாரத்தில் மொத்தம் 6 கிலோ குறைந்தேன். பொய் சொல்லவில்லை, உடல் இலேசாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் செருகும் தூக்கம் போயிற்று. கூடவே மலச்சிக்கலும் வந்தது. நான் காய்கறியை மறந்து முட்டையை நம்பியதன் பலன். பிறகு உறவில் ஒரு கல்யாணம். இலையில் சாம்பார் சாதத்தைப் பார்த்தேன். விரதம் முடிந்தது! நான்கு மாதத்தில் 4 கிலோ திரும்பி வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இளைப்பது எதனால்?

தானியத்தை விட்டவர்கள் இளைப்பது உண்மை. ஆனால் தானியம் விஷம் என்பதால் அல்ல.

சோற்றை நிறுத்துகிறவர் சோற்றை மட்டுமா நிறுத்துகிறார்? பஜ்ஜி, பிஸ்கோத்து, பரோட்டா, மிட்டாய், சர்க்கரை போட்ட காப்பி எல்லாம் சேர்ந்து போகின்றன. மூன்று வேளையும் தட்டை நிரப்பிய மாவுப்பண்டம் போய், அந்த இடத்துக்கு முட்டையும் மீனும் வருகின்றன. இவை சீக்கிரம் பசி அடக்கும். ஆகவே சாப்பிடும் அளவே குறைகிறது. அளவு குறைந்தால் எடை குறையும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 609 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து குறைவு. மற்றொரு பிரிவுக்குக் கொழுப்பு குறைவு. இரு சாராரிடமும், "சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள்" என்று சொன்னார்கள். முடிவு 2018-இல் வெளிவந்தது. ஓராண்டில் முதல் பிரிவினர் சராசரி 6 கிலோ இளைத்திருந்தார்கள். இரண்டாம் பிரிவினர் 5.3 கிலோ. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை!

தானியத்தை வெறுத்தவரும் இளைத்தார். தானியத்தை ஏற்றவரும் இளைத்தார். 

கோதுமை யாருக்கு ஆகாது?

கோதுமையை உண்மையாகவே கண்டிப்பாக விடவேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். 1944–45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. அங்கே டிக்கே என்று ஒரு குழந்தை வைத்தியர். அவரிடம் "சீலியாக்" என்ற குடல் வியாதி உள்ள குழந்தைகள் இருந்தனர். வயிறு ஊதி, ஓயாத வயிற்றுப்போக்கால் மெலிந்து போகும் குழந்தைகள். ஊரெல்லாம் பட்டினியால் வாடியபோது, இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். கோதுமையைப் பற்றி டிக்கேக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இப்போது அது உறுதியாயிற்று. 1950-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

கோதுமையில் உள்ள "குளூட்டன்" என்ற பிசின் போன்ற புரதமே அவர்களுக்கு எதிரி. கோதுமை உண்ணும் வட இந்தியாவில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. நம் பக்கத்தில் மிக அரிது. சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்துமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் பிடிபடாமல் போகலாம்.

சப்பாத்தி மயக்கம்

இதற்கு நேர் எதிரான மயக்கமும் நம்மிடம் உண்டு. "சர்க்கரை வியாதியா? ராத்திரி சப்பாத்தி சாப்பிடு!" இது பல வீடுகளில் வேதவாக்கு.

100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் கலோரி ஏறக்குறைய சமம். கோதுமையில் புரதம் சற்று அதிகம். சோற்றை விட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிடுகிறவர், வலப்பக்கச் சட்டைப்பை பணத்தை எடுத்து இடப்பக்கம் போட்டுக்கொள்கிறவர்! கேழ்வரகுக் களியை அளவில்லாமல் சாப்பிடுகிறவரும் அவர் தம்பிதான்.

இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அதே ஆய்வின் மற்றொரு பகுதி 2025-இல் வந்தது. நாம் பெறும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் போன்ற புரதத்தை வைத்தால் குறைகிறது. இதுதான் அந்த ஆய்வு கூறும் செய்தி.

ஆகவே தானியம் விட்டவர்களின் கட்சியில் பாதி நியாயம் இருக்கிறது. நாம் சோற்றை அளவுக்கு மிஞ்சித்தான் சாப்பிடுகிறோம்.

பெரியப்பா விழுந்தார்

மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 62. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் சோற்றை நிறுத்தினார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினார். நான்காம் நாள் பஸ் நிலையத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. கண் இருண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல வேளை, நினைவு தப்பவில்லை. அங்கே பூ விற்ற ஓர் அம்மாள், வெயில் மயக்கம் என்று எண்ணி, கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை வியாதிக்காரர் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்! அந்தச் சோடாவில் இருந்த சர்க்கரைதான் அன்று அவரைக் காப்பாற்றியது.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சோற்றை நீங்களே நிறுத்திவிட்டீர்கள். மாத்திரையை யார் குறைப்பது?"

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா என்னிடம், "சோறு எமன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. சோத்தை நிறுத்திட்டா மாத்திரை எமனாகும்னு ஒருத்தரும் சொல்லலையேப்பா!" என்றார்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளும் இன்சுலினும், நாம் வழக்கமாகச் சாப்பிடும் அளவைக் கணக்கிட்டுக் கொடுக்கப்படுபவை. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குக் கீழே போகும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரைகளும் உண்டு. அவற்றைச் சாப்பிடுகிறவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். மூத்திரக்காய் பழுதுபட்டவர்களுக்கு இறைச்சியும் முட்டையும் அளவு மீறினால் சுமை. சிலருக்குக் கெட்ட கொழுப்பு மளமளவென்று ஏறிவிடும். கர்ப்பிணிகள் இந்த விஷப்பரீட்சையில் இறங்கவே கூடாது.

பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2017-இல் வந்தது. சர்க்கரை வியாதி வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்குச் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டில் நூற்றுக்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் நின்றது. 15 கிலோவும் அதற்கு மேலும் இளைத்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு! அற்புதம்தான். ஆனால் அங்கே பத்தியம் தொடங்கிய அன்றே மாத்திரையை நிறுத்தியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

ஏழைக்கு ஏற்றதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதாமும் பன்னீரும் மூன்று வேளை முட்டையும் யாருக்குக் கட்டுப்படியாகும்? ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் வீட்டில் போய், "சோறு விஷம்" என்று சொல்லலாமா? வெயிலில் மண் சுமக்கிறவருக்குச் சோறு பலம். நாற்காலியில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது பாரம். குற்றம் சோற்றில் மட்டும் இல்லை, நாற்காலியிலும் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, அல்லது நெத்திலி மீன் இருக்கட்டும். மீதிக் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. முதலில் காயைச் சாப்பிடுங்கள். இரண்டாம் முறை சோறு கேட்காதீர்கள். தினம் அரை மணி நேரம் நடங்கள். எடையைவிட இடுப்பளவைக் கவனியுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த மாறுதலுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

நானும் இப்போது இப்படித்தான் சாப்பிடுகிறேன். எடை ஆமை வேகத்தில்தான் குறைகிறது. ஆனால் திரும்பி வரவில்லை. பெரியப்பாவும் டாக்டர் மாத்திரையைக் குறைத்தபின், மதியம் ஒரு கரண்டி சோறு சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறார்.

நம் தட்டில் சோறு இதுவரை ராஜாவாக வீற்றிருந்தது. அதை மந்திரி ஆக்குவோம். நாடு கடத்த வேண்டியதில்லை!