கரும்பலகைக்குக் காவல் யார்?

கூண்டிலே நின்றான் ஓர் இளைஞன். கொலை செய்தவனல்லன், கொள்ளையடித்தவனுமல்லன். பாடம் நடத்தினான் — அதுதான் குற்றம்! வயது 24. பெயர் ஜான் ஸ்கோப்ஸ். அமெரிக்க நாட்டு டென்னஸி மாநிலத்திலே டேட்டன் எனும் சிற்றூர். ஆண்டு 1925, திங்கள் ஜூலை. கீழ்நிலை உயிர்களிலிருந்து வளர்ந்து வந்தவன் மனிதன் என்று, அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியிலே எவரும் கற்பிக்கலாகாது எனச் சட்டம் செய்திருந்தது டென்னஸி, அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில். ஆதியாகமம் சொல்வதே உண்மை, அதை மறுத்துப் பேசும் ஆசிரியன் குற்றவாளி — இதுதான் சட்டத்தின் சாரம். ஜூரிகள் ஒன்பதே நிமிடம் எடுத்துக்கொண்டனர். குற்றவாளி என்றனர். தண்டம், 100 டாலர்.

அந்த வழக்கிலே கிளாரன்ஸ் டாரோ எனும் வழக்கறிஞர், மும்முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பிரையனையே சாட்சியாக அழைத்து, பைபிளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடித்த கதை பகுத்தறிவாளர் பலமுறை பேசிக் களித்த கதைதான். கைதட்டலுக்கு ஏற்ற கதை! நாமும் கைதட்டியிருக்கிறோம். ஆனால் தோழர்களே, நாம் வாத்தியார் வேலை பார்க்கிறவர்கள். நம் கண் வழக்கறிஞர் மீது நிற்கவில்லை. அந்த இளைஞன் கையிலிருந்த புத்தகத்தின் மீது போய் நிற்கிறது.

என்ன புத்தகம் அது? ஹண்டர் என்பார் எழுதிய 'குடிமை உயிரியல்'. மாநில அரசே ஒப்புதல் தந்து பள்ளிகளுக்கு அளித்த பாடநூல்! அதிலேதான் இருந்தது பரிணாமம். ஒரு கையால் நூலை நீட்டிற்று அரசு. மறு கையால் தடியை ஓங்கிற்று. நடுவிலே நின்றவன் ஆசிரியன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைப்பது எதிரியின் தொழில். நமக்கு அது ஆகாது. அதே 'குடிமை உயிரியல்', மனித குலத்தை ஐந்து இனமாகப் பிரித்து, வெள்ளையரை உச்சியிலே உட்கார வைத்தது. 'தகுதியற்றவர்' பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் எனும் கொடுமையையும் அறிவியல் என்ற பெயரால் இளம் உள்ளத்தில் ஊற்றியது. முகத்திலே பிறந்தான், காலிலே பிறந்தான் என்று நம்மைத் தரம் பிரித்த பழைய ஏட்டிற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அங்கே பிரமனின் உடல். இங்கே பேராசிரியரின் பட்டியல்! டார்வின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதற்காகவே ஒரு நூல் நமக்கு வேதமாகிவிடாது. மதம் மட்டுமல்ல, ஆளும் கூட்டத்தின் ஆணவமும் பாடநூல் வழியே பள்ளிக்குள் நுழையும், நுழைந்திருக்கிறது.

வழக்கிற்குப் பின் நடந்ததென்ன? 1927இல் மாநில உயர் நீதிபதிகள், தண்டத் தொகையை ஜூரிகள் விதிக்காமல் நீதிபதியே விதித்துவிட்டார் என்ற நுணுக்கத்தைக் காட்டி ஸ்கோப்சை விடுவித்தனர். சட்டத்தையோ, செல்லும் என்றனர்! 1967 வரை, 42 ஆண்டுகள் அது ஏட்டிலே இருந்தது. அந்த இளைஞன் வாத்தியார் வேலையை விட்டு நிலவியல் படிக்கப் போய்விட்டான். புத்தக வாணிபர் செய்ததுதான் விந்தை. தம் நூல்களைத் தாமே திருத்திக்கொண்டனர். ஹண்டர் நூலின் புதுப் பதிப்பிலே பரிணாமத்தின் பேச்சு அடங்கிப்போயிற்று. சட்டம் இல்லாத மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அடங்கிற்று — விற்பனை குறையக் கூடாதல்லவா! ஆயிரம் ஆசிரியரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை, தோழர்களே. ஒருவனை ஏற்றினால் போதும்; மற்றவர் தாமே வாயைத் தைத்துக்கொள்வர்.

நாற்பதாண்டு கழித்து ஆர்க்கன்சா மாநிலத்திலே அதே நாடகம். அங்கே 1928ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உயிரோடு கிடந்தது. 1965இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்கு வந்த புதிய பாடநூலிலே பரிணாமம் இருந்தது. நடத்தினால் குற்றம், வேலையும் போகும். நடத்தாவிட்டால் பாடநூலுக்குத் துரோகம்! சூசன் எப்பர்சன் எனும் இருபதுகளிலிருந்த ஆசிரியை, தானே வழக்குத் தொடுத்தார். அவர் நாத்திகரல்லர், தேவாலயம் செல்லும் கிறித்தவப் பெண். என் கடவுளுக்கு என் வகுப்பறையில் போலீஸ் வேலை வேண்டாம் என்ற துணிவு அவருக்கு இருந்தது. 1968இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது.

தோற்றவர் சும்மா இருந்தனரா? வேடம் மாற்றினர். படைப்புக் கொள்கையை 'அறிவியல்' என்றழைத்து, பரிணாமத்தோடு சரிசமமாக நடத்தச் சொன்னது லூசியானா. 1987இல் அதுவும் நீதிமன்றத்தில் விழுந்தது. உடனே, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று புதுப் பெயர் சூட்டினர். பென்சில்வேனியாவிலே டோவர் எனும் ஊரின் பள்ளி வாரியம் அந்தச் சரக்கை 2004இல் வாங்கிற்று. பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர். விசாரணையிலே வெளிப்பட்டது பாருங்கள் ஒரு வேடிக்கை! வாரியம் சிபாரிசு செய்த நூலின் பழைய கையெழுத்துப் படிகளிலே 'படைப்புவாதிகள்' என்றிருந்த இடமெல்லாம், 1987 தீர்ப்புக்குப் பின் 'வடிவமைப்பு ஆதரவாளர்' என்று மாற்றப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மாற்றியவர் கை தவறி, பழைய சொல்லின் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவிலே புதிய சொல்லைச் செருகிவிட்டிருந்தார்! வேடத்தின் கீழே வேட்டி தெரிந்தது. 2005 டிசம்பரில் நீதிபதி ஜோன்ஸ், இது மதமே என்று தீர்ப்பளித்தார்.

ஆயினும் டோவரிலே நம்மைக் கவர்ந்தது தீர்ப்பல்ல. பரிணாமப் பாடத்திற்கு முன், டார்வின் கொள்கையில் ஓட்டைகள் உண்டு என்று ஓர் அறிக்கையை மாணவர்க்குப் படித்துக் காட்டுமாறு வாரியம் ஆணையிட்டது. உயிரியல் ஆசிரியர்கள் மறுத்தனர். மாணவர்க்குப் பொய்யை மெய்யென்று நாங்கள் உரைக்க மாட்டோம் என்றனர். முடிவில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து படிக்க வேண்டியதாயிற்று. நீதிபதி எழுதுகோலை எடுப்பதற்கு முன்பே ஆசிரியர்கள் எழுந்து நின்றுவிட்டனர்! (கதை முடிந்ததா என்றால், இல்லை. 1980இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிய வேலையை, வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிடும் வேலையை, 2024இல் மறுபடியும் சட்டமாக்கியது லூசியானா.)

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பார் சிலர். அவர்களைக் கேட்கிறோம்: 2023இல் தில்லியிலே தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம், பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலே 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடத்தை 'மரபு' என்று குறுக்கியதே, அது எந்த நாட்டுக் கதை? கொரோனாக் காலத்துச் சுமையைக் குறைத்தோம், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்றனர். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு விடை கொடுக்கும் பிள்ளை எத்தனை! அந்தப் பிள்ளைக்கு டார்வின் பிறக்கவேயில்லை. அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800க்கு மேற்பட்டோர் கண்டித்துக் கையொப்பமிட்டனர். நாம் வரலாறு நடத்துகிறவர்; நம் பக்கத்து ஏட்டையும் பார்த்தோம். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றிலே முகலாயர் அவையைப் பற்றிய பாடம் போயிற்று. காந்தியார் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கு நின்றது இந்துத் தீவிரவாதிகளைச் சினமூட்டியது என்ற கருத்துள்ள வரிகள் போயின. அந்தக் கொலைக்குப் பின் ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்ட செய்தியும் போயிற்று. கத்தரிக்கோலுக்குக் கண் இல்லை என்பர். இந்தக் கத்தரிக்கோல் நன்றாகப் பார்த்தே வெட்டியது!

அரசு நிதியாலே முழுதும் நடக்கும் கல்விக்கூடத்திலே மத போதனை கூடாதென்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்கிறது 51ஏ. நீக்குவதற்கு எதிராக ஒரு பிரிவும் இல்லை. புகுத்துபவனைப் பிடிக்கலாம், ஓசையின்றி உருவி எடுப்பவனை எப்படிப் பிடிப்பது?

நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம். 2011இல் ஆட்சி மாறிற்று தமிழ்நாட்டிலே. அச்சாகி வந்திருந்த சமச்சீர்க் கல்வி நூல்கள் முடங்கின. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டிலே ஆணையிட்ட பிறகே பிள்ளைகள் கைக்கு வந்தன. வந்தவற்றிலும், முந்தைய முதலமைச்சரின் எழுத்திருந்த பக்கங்கள் மீது தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தது. அப்போது நாம் பள்ளிப் பிள்ளை. வகுப்பு முழுவதும் எச்சில் தொட்டு அந்தத் தாளை உரித்ததும், உள்ளே என்ன இருக்கிறதென்று முண்டியடித்துப் படித்ததும் இன்றும் நினைவிருக்கிறது. வேறு எந்தப் பாடத்தையும் அவ்வளவு ஆவலோடு படித்ததில்லை! கட்சிக்கொரு புத்தகம், ஆட்சிக்கொரு ஒட்டுத்தாள் என்றால், தில்லியைக் கேட்க நமக்கு நாக்கு எப்படி எழும்பும்?

2024இல் சென்னை நகரிலே ஓர் அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளி. ஊக்கமூட்டும் சொற்பொழிவு என்று அழைக்கப்பட்டவர், முற்பிறவிப் பாவந்தான் உடற்குறையோடு பிறப்பதற்குக் காரணம் எனும் போக்கிலே மாணவியர் முன் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார்; பள்ளியிலே இப்படிப் பேசலாமா என்று கேட்டார். முற்பிறவி என்பது வெறும் கதையன்று, தோழர்களே! அது ஒரு ரசீது. உன் வறுமைக்கும், உன் சாதிக்கும், உன் ஊனத்துக்கும் நீயே கையொப்பமிட்டிருக்கிறாய் என்று ஏழைப் பிள்ளையின் கையிலே திணிக்கப்படும் ரசீது. பேச்சாளர் கைதானார்; தலைமையாசிரியர்கள் மாற்றப்பட்டனர். கைதைக் கொண்டாட நமக்கு மனமில்லை. பேச்சுக்கு விலங்கு பூட்டும் வழக்கம் நாளை நம் மேடைக்கும் வரும். நாம் கேட்பது வேறு: பகுத்தறிவு மண் என்று நாம் மார்தட்டும் இடத்திலே, அரசுப் பள்ளியின் வாயிற்கதவு எப்படித் திறந்தது? திறந்தவர் தில்லிக்காரர் அல்லரே!

எப்படித் திறக்கிறது என்று நமக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஆயினும் சொல்கிறோம். நாம் பணியாற்றும் பள்ளியும் அரசுப் பள்ளிதான். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு நூலிலே பரிணாமப் பாடம் இருக்கிறது. பக்கத்து வகுப்பில் நடத்துகிறார் நம் நண்பர். அழகாக நடத்துவார். முடித்ததும் ஒரு வரி சேர்ப்பார்: "இது மார்க்குக்கு. நம்பிக்கை வேறு." அந்த ஒரு வரிக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, பார்த்தீர்களா!

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய வாரம், பள்ளிக்குள்ளேயே ஒரு பூசை. பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுகளும் பேனாக்களும் சாமி படத்தின் முன் குவிக்கப்படும். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வராதவர் பெயரைக் குறித்துக்கொள்வதும் இல்லை. ஆனால், சீட்டு தட்டிலிருந்துதான் பிள்ளையின் கைக்கு வரும்! போன ஆண்டு, நம் வகுப்பு மாணவி ஒருத்தி, இஸ்லாமியப் பெண், வராந்தாத் தூணோரம் நின்றாள். குங்குமம் தெறித்த சீட்டை நாம்தான் எடுத்துப்போய்க் கொடுத்தோம். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லைங்க சார்" என்றாள். நமக்கு ஆறுதல் சொன்னாள் அவள்! 28ஆம் பிரிவை அதே வகுப்பிலே கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தியவர் நாம். ஐந்து மதிப்பெண் வினா என்று அடிக்கோடும் இட்டோம். பூசை நடந்த அன்று வாய் திறக்கவில்லை. பணியில் சேர்ந்து இரண்டாண்டு. மேலிடத்துப் பகை வேண்டாம் என்று பட்டது. டென்னஸியின் புத்தக வாணிபரைச் சற்று முன் ஏசினோமே, அவர் கணக்கும் இதுதானே!

மாசி வந்தால் மறுபடியும் தட்டு வரும். ஹால் டிக்கெட்டை அலுவலகத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும், பூசை செய்ய விரும்புவோர் வீட்டிலோ கோயிலிலோ செய்துகொள்ளட்டும் என்று தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். அரைப் பக்கம். 28ஆம் பிரிவு முதல் வரியிலே இருக்கிறது. ஆசிரியர் அறையிலே சுற்றுக்கு விட்டோம். பெரும்பாலோர் படித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கீங்க என்று திருப்பித் தந்தனர். கணித ஆசிரியை கையெழுத்திட்டார். நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவர். துப்புரவுப் பணி செய்யும் அம்மா, ஆசிரியர் மட்டுந்தான் போடலாமா என்று கேட்டு, தம் பெயரையும் எழுதினார். நம்முடையதையும் சேர்த்து, இதுவரை மூன்று.