மலைக்கு நடுவே சூரியன் வரையக் கூடாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. முப்பத்திரண்டு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவனின் ஆதங்கம் என்று எடுத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம், இன்னும் பணியில் இருக்கும் ஓர் ஓவிய ஆசிரியை போன் செய்தார். ஒன்பதாம் வகுப்பில் பழைய தேர்தல் சுவரொட்டிகள் நாலைந்தைக் காட்டி, ‘உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?’ என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாளே இரண்டு பெற்றோர் வந்து ‘வகுப்பில் அரசியல் நடக்கிறது’ என்று புகார் சொல்ல, தலைமையாசிரியர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டுவிட்டார். “நான் செஞ்சது தப்பா சார்?” என்றார். தப்பே இல்லை அம்மா என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம், இதே விஷயத்தில் நான் ஒரு காலத்தில் கோழையாக நடந்துகொண்டவன்.

2001 சட்டமன்றத் தேர்தல் நேரம். ஏழாம் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தேன். நம் பிள்ளைகள் எல்லாரும் வரையும் அதே காட்சிதான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. தேர்தல் தேதி அறிவித்ததும் மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு: ‘மலைக்கு நடுவில் சூரியன் இருக்கிற படத்தையெல்லாம் எடுத்துவிடுங்கள்.’ மறுபேச்சுப் பேசாமல் எடுத்தேன். ஒரு பையன் மட்டும் வந்து கேட்டான்: “சார், சூரியனை மலைக்கு வெளியில போட்டா பரவாயில்லையா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அவன் கேட்டது ஓவியத்தின் அடிப்படைக் கேள்வி. ஒரு சூரியன் எந்த இடத்தில் வெறும் சூரியன், எந்த இடத்தில் கட்சிச் சின்னம்? படத்தில் ஒரு பொருளை நகர்த்தினால் அதன் அர்த்தமே மாறிவிடுமா? என் பணிக்காலத்தில் ஒரு மாணவன் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அதுதான். நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பையனின் அப்பா சுவர் விளம்பரம் எழுதுபவர். சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, அளவு பார்க்காமலே ஆளுயர எழுத்தை எழுதிவிடுவார். “எங்கப்பா எல்லாக் கட்சிக்கும் எழுதுவாரு சார்” என்பான் பெருமையாக. ஒரே தூரிகை காலையில் இலை போடும், மாலையில் சூரியன் போடும். அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்திருந்தால் என் முப்பத்திரண்டு வருடப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் நடத்தியிருப்பார். அழைக்கவில்லை. பயம்.

‘பள்ளிக்கூடத்தில் அரசியல் கூடாது’ என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தேர்தல் எங்கே நடக்கிறது? பெரும்பாலும் அதே பள்ளிக்கூடத்தில்தானே! அதே வகுப்பறையில் மேசை போட்டு வாக்குப்பதிவு இயந்திரம் வைக்கிறார்கள். வாக்குச்சாவடியில் எல்லா வேட்பாளர் பெயரும் சின்னத்தோடு ஒட்டப்படுகிறது. வாக்குச்சாவடி தலைமை அலுவலராக உட்காருவது பல இடங்களில் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். ஒரு ஊரின் ஓட்டையே நம்பி ஒப்படைக்கலாம், ஒரு பழைய சுவரொட்டியை ஒப்படைக்கக் கூடாதா? இது என்ன நியாயம்?

பிள்ளைகள் பாவம், கெட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் எத்தனை ஃபிளெக்ஸ் என்று எண்ணிப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள். நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் ஓவியக் கண்காட்சி அதுதான். ரவிவர்மாவையும் பிக்காசோவையும் புத்தகத்தில் தபால்தலை அளவில்தான் பார்க்கிறார்கள். வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆகி 1989-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஓட்டுப் போடப் போகிறவனுக்கு, ஒரு படம் தன்னை எப்படி மயக்குகிறது என்று எவரும் சொல்லித்தரவில்லை என்றால் அது யார் குற்றம்?

சுவரொட்டியில் என்ன பாடம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு:

உருவ அளவு. தலைவர் முகம் ஆள் உயரம், கீழே உள்ளூர் நிர்வாகிகள் வரிசையாக எலுமிச்சம்பழ அளவில். தஞ்சாவூர் ஓவியத்தில் தெய்வம் பெரிதாகவும் சுற்றியிருப்பவர்கள் சிறிதாகவும் இருப்பார்களே, அதே இலக்கணம். யாரைப் பெரிதாக்கினார்கள், ஏன், பெண் முகம் எத்தனை? பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.

கட்டம் போட்டுப் பெரிதாக்குதல். நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே முறையில்தான் சென்னை அண்ணாசாலையின் பிரம்மாண்ட கட்-அவுட்களைக் கையால் வரைந்தார்கள். ஃபிளெக்ஸ் வந்து அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போன கதையும் ஒரு பாடம்தான்.

குறைந்த கோட்டில் சொல்லுதல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்றுதான் 1951-52 முதல் பொதுத்தேர்தலில் சின்னங்கள் வந்தன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, அதில் அவர் சின்னம். பின்னாளில் பல சின்னங்களைத் தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ்.சேத்தி என்ற வரைவாளர் பென்சிலால் வரைந்தார். 1992-ல் ஓய்வு பெற்றார். நம் ஓவியப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கம் வேண்டாமா?

படம் பேசுவது. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் ஊரெல்லாம் சுவரொட்டியானது. மேடையேறிப் பேச முடியாதவருக்காக அந்தப் படம் பேசியது. எப்படி என்று ஆராய எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கத் தேவையில்லை.

படம் பொய் சொல்வது. 1970-களின் கடைசியில் பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு சுவரொட்டி போட்டது. வேலையில்லாதவர்களின் நீளமான வரிசை. உண்மையில் அது கட்சித் தொண்டர்கள் கொஞ்சப் பேரையே திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒட்டிச் சேர்த்த கூட்டம். இன்று அதே வேலையைக் கைப்பேசியே செய்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் கண் நம் பிள்ளைக்கு வேண்டுமா, வேண்டாமா?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. வகுப்பில் தன் கட்சியை நைசாக நுழைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கே சிலரைத் தெரியும். அதற்கு வழி பாடத்தை மூடுவதல்ல, ஒழுங்கு வைப்பது. நடப்புத் தேர்தல் சுவரொட்டி வேண்டாம், பழையது போதும். ஒரு கட்சி கூடாது, குறைந்தது மூன்று. வெளிநாட்டுப் படம் ஒன்று கட்டாயம். ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்காதீர்கள், ‘எப்படிச் செஞ்சிருக்காங்க?’ என்று கேளுங்கள். ஆசிரியர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று வருடக் கடைசியிலும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. கடைசியாக, கட்சியே இல்லாத ஒரு சுவரொட்டியைப் பிள்ளைகளே செய்யட்டும்: பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று.

ஒருவேளை பெரியவர்களுக்கு உண்மையான பயம் அதில்தானோ என்னவோ.

அந்த ஆசிரியைக்கு விளக்கக் கடிதம் எழுத உதவியிருக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. 2001-ல் படத்தைக் கழற்றியவன் இந்த வயதில் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்காவது இதைப் படித்தால்: தம்பி, சூரியனை நீ நினைத்த இடத்திலேயே போடு. அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.