மேஜைக்கு வந்த காகிதம்

மந்திரிசபை கதவை அடைத்துக்கொண்டு ஆலோசிக்க வேண்டும் என்பதை நான் மறுப்பவனல்லன். மந்திரிகள் மனம்விட்டுத் தர்க்கிப்பதற்கும், அவர்களுக்கு யோசனை கூறும் உத்தியோகஸ்தர்கள் நாளைய பத்திரிகையை நினைத்து நடுங்காமல் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிவைப்பதற்கும் ஓரளவு மறைவு அவசியந்தான். ஆனால் ஆலோசனைக்கு உரிய அந்தக் காப்பு, ஆலோசனை முடிந்து, தீர்மானம் அமலுக்கு வந்து, அதன் பாரம் ஜனங்களின் தலையில் இறங்கிய பின்னும் நீடிப்பதும், யாருடைய ஆலோசனையும் அல்லாத கணக்குகளையும் அறிக்கைகளையும்கூடப் போர்த்தி மூடுவதும் எந்த நியாயத்தில் சேரும்?

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் வழியாகக் கோலசிலாங்கூர் வரையில் குழாயைத் திறக்கும் எந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமான வழக்கு ஒன்றுண்டு. சிலாங்கூரின் நீர் விநியோகத்தைத் தனியார் கம்பெனியான சபாஷிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2004 டிசம்பரில் கையெழுத்தாயிற்று. 2006 நவம்பரில் கட்டணம் நூற்றுக்குப் பதினைந்து வீதம் உயர்ந்தது. உயர்வுக்கு ஆதாரம் என்று கூறப்பட்ட தணிக்கை அறிக்கையையும் ஒப்பந்தத்தையும் காட்டுங்கள் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸும் வேறு பதின்மூவரும் கேட்டார்கள், மந்திரி மறுத்தார். 2010 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹதாரியா சைட் இஸ்மாயில், காட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தார். மறுவருஷமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம், வழக்காட இவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொண்டும், தஸ்தாவேஜுகளைக் கொடுக்க மறுத்துவிட்டது. தணிக்கை அறிக்கை மந்திரிசபையின் முன் சென்ற பத்திரமாகையால் அது அரசாங்க இரகசியமே என்றாகிவிட்டது. அதில் இராணுவத் தந்திரம் எதுவும் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. மந்திரிகளின் மேஜைக்கு வந்தது ஒன்றே அதன் இலக்கணம்.

இந்த விசித்திரத்துக்கு மூலம் 1972-ஆம் வருஷத்து அரசாங்க இரகசியச் சட்டமும், 1986-இல் அதற்குச் செய்த திருத்தமும். திருத்தத்தில் சேர்ந்த அட்டவணை, தேசப் பாதுகாப்பு, ராணுவம், அயல்நாட்டு உறவு ஆகியவற்றைப் பற்றிய பத்திரங்களோடு, மந்திரிசபைப் பத்திரங்களையும் மாநில ஆட்சிக்குழுப் பத்திரங்களையும், அவற்றின் உபகுழுக்களின் பத்திரங்கள் உட்பட, உள்ளடக்கம் என்ன என்று பாராமலே இரகசியமாக்கிவிட்டது. வெளியிட்டவருக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. இன்னது இரகசியம் என்று மந்திரியோ, மாநில முதல்வரான மந்திரி புசாரோ அத்தாட்சி கொடுத்துவிட்டால், 16ஏ பிரிவின்படி, எந்த நீதிமன்றத்திலும் எந்தக் காரணத்தைக் கொண்டும் அதைக் கேள்வி கேட்க முடியாது.

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இதில் மந்திரிசபையைவிட ஆட்சிக்குழுவே முக்கியம். ஏனெனில் இந்நாட்டில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நாற்பது ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறவேண்டுமானால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் சம்மதம் வேண்டும். விவசாய நிலம் கட்டட நிலமாக மாறவேண்டுமானால் மாநில அதிகாரத்தின் அனுமதி வேண்டும். ஆட்சிக்குழுவின் முன் செல்லும் அனுமதிக்கான குறிப்பில், லயத்தில் இருக்கும் குடும்பங்கள் எத்தனை, கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன ஏற்பாடு, மாற்றுவீட்டுக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம், ஒரு வரிகூட எழுதப்படாமலும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை அந்தக் குடும்பங்கள் அறிய வழியில்லை. செம்பனை வரிசைகளுக்கிடையே சர்வேயர் வந்து சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடிக்கும்போதும், தோட்ட ஆபீஸ் பலகையில் வெளியேறும் நோட்டீஸ் ஏறும்போதும்தான் விஷயம் அவர்களுக்கு எட்டுகிறது. எந்த நிபந்தனையின்பேரில் அனுமதி கொடுத்தீர்கள் என்று நில அலுவலகத்தில் கேட்டால், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காலிலும் 'ரஹ்சியா' முத்திரை குத்திய காகிதத்தைக் காட்ட அங்குள்ள குமாஸ்தாவுக்கு அதிகாரமில்லை; காட்டினால் சிறை அவருக்கு.

சிலாங்கூர் சட்டமன்றம் 2011-இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியபோது, இந்நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் என்ற பெருமை நமக்குக் கிடைத்தது. பெருமை நியாயமானதே. ஆயினும் மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தை மீற முடியாதாகையால், அட்டவணைக்குள் அடங்கிய பத்திரங்களின் வாசலில் அது நின்றுவிடுகிறது.

நீதிமன்றங்கள் எப்போதும் இப்படிக் கைகட்டி நிற்கவில்லை. 1939-இல் 'தெடிஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் 99 பேரைப் பலிகொண்டு மூழ்கியபின், கப்பலின் வரைபடங்களைக் கேட்ட விதவைகளிடம், மந்திரி ஆட்சேபித்தால் அதுவே முடிவு என்று 1942-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை கூறியது, யுத்தகாலம், மன்னிக்கலாம். அதே சபை 1968-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டு, பத்திரத்தை நீதிபதி தாமே தனிமையில் வாசித்து, மறைப்பதிலும் வெளியிடுவதிலும் உள்ள பொது நன்மைகள் இரண்டையும் நிறுத்துப்பார்க்கலாம் என்றது. பத்தாண்டுக்குப் பின், அரசாங்க மருத்துவமனையில் நேர்ந்த ஒரு மரணத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையை மறைக்க முயன்ற பி.ஏ. ராவ் எதிர் சபூரான் கவுர் வழக்கில், நம் கூட்டரசு நீதிமன்றமும் அவ்வழியே சென்றது: சாட்சியச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி ஒரு பத்திரம் இராஜ்ய விவகாரமா அல்லவா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் இலாகாத் தலைவரல்லர், நீதிபதியே என்றார், பிற்காலத்தில் பேரரசராக வீற்றிருந்த ராஜா அஸ்லான் ஷா. 1978-இல் திறந்த அந்தக் கதவை 1986-இல் பாராளுமன்றம் அடைத்தது.

கூட்டரசுத் தகவல் சுதந்திரச் சட்டம் கொண்டுவர அரசாங்கம் கொள்கையளவில் இணங்கியதாக 2023-இல் மந்திரி அஸலினா ஒத்மான் சைட் அறிவித்தார். அச்சட்டம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டாலும், அட்டவணையும் 16ஏ பிரிவும் இருந்தபடியே இருக்குமானால் சபாஷ் வழக்கின் கதையே மறுபடியும் நடக்கும். ஆலோசனைக் குறிப்புகளுக்குக் காலவரம்புடன் காப்பு இருக்கட்டும். புள்ளிவிவரங்களுக்கும் நிபந்தனைகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் அது வேண்டாம். சந்தேகம் வந்தால் நீதிபதி வாசிக்கட்டும்.

சிலாங்கூர் அரசாங்கமோ அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை. அதே இரகசியச் சட்டத்தின் 2சி பிரிவு, அட்டவணையிலுள்ள எந்தப் பத்திரத்தையும் எந்த வேளையிலும் இரகசியத்திலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தை மந்திரி புசாருக்கு அளித்திருக்கிறது. கோலசிலாங்கூரிலும் சபாக் பெர்ணமிலும் தோட்ட நிலத்தை மாற்றுவதற்கு ஆட்சிக்குழு அளித்த அனுமதிகளையும் அவற்றின் நிபந்தனைகளையும் அப்பிரிவின்கீழ் விடுவித்து, வெளியேறும் நோட்டீஸ் ஏறுவதற்கு முன்பாகவே அந்தந்த மாவட்ட நில அலுவலகத்தில் யாரும் வாசிக்கும்படி வைப்பதற்கு, மந்திரி புசாரின் ஒரு கையெழுத்துக்கு மேல் வேறெதுவும் வேண்டியதில்லை.